டவர் பூட்டிய பிறகு

வெள்ளளம் விமான நிலையத்தில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால், விமானங்களுக்கு வழி சொல்லும் டவரைப் பூட்டி, சாவியை வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் விமானம் வரும், போகும். அதைப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. ஆள் போடுங்கள் என்று மனுமேல் மனு போனதில், ஆளுக்குப் பதிலாக ஒரு இயந்திரக் காது வந்து சேர்ந்தது. அதற்குப் பெயரே செவி. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

கேப்டன் மங்கையர்க்கரசிக்கு அன்று டவர் பூட்டிய பிறகு சென்னைக்குப் புறப்பாடு. சின்ன விமானம், எழுபது பயணிகள். வானம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. உப்பளங்கள் மேல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவள் மனசைத் தவிர. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா சிவசைலம் பிள்ளைக்கு அன்று பகலில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வயது எழுபத்தைந்து, சர்க்கரை உண்டு, சிறுநீரகம் வேறு பலவீனம். மற்றவர்களுக்கு இது பயமில்லாத வேலை, இவர் விஷயத்தில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் போன வாரமே கையை விரித்துவிட்டார்.

லீவு போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போடலாம். வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொன்னால் கம்பெனி மறுக்காமல் லீவு தரும். கூடவே பெயருக்கு எதிரே ஒரு குறியும் போடும். அப்புறம் மாதக்கணக்கில் டவர் இல்லாத ஊர்ப்பக்கம் அனுப்பமாட்டார்கள். சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஊர்களை விட்டால் வேறு பிழைப்பு ஏது? அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. மங்கையர்க்கரசியும் திறக்கவில்லை.

பயணிகளை ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி கோமதிநாயகம் போன் பண்ணினான்.

"யக்கா, சாப்ட்டியா?"

கோமதிநாயகம் பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டவன் இல்லை. போனை எடுத்தால் முதலில் ஒரு குறை சொல்வான், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான்.

"அப்பாவுக்கு என்னாச்சு, அத முதல்ல சொல்லு."

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டுக்கா. கண் முழிச்சிட்டாவ. வெளிய வந்ததும் வராததுமா இட்லி கேட்டாவளாம். நர்ஸு சிரிக்கி."

"போன அப்பாட்ட குடு."

"உள்ள போன் விட மாட்டாவக்கா. ராத்திரி வார்டுக்கு மாத்திருவாவ. அப்பம் பேசு."

அவன் குரல் தெளிவாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இட்லி. மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

கோ-பைலட் காதர் மீரான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். காயல்பட்டினத்துக்காரன், பத்து வருஷம் வளைகுடாவில் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் இந்தக் கம்பெனிக்கு வந்திருந்தான். டவர் இல்லாத ஊரிலிருந்து கிளம்புவது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை.

"கேப்டன், ஒண்ணு கேக்கட்டுமா? டவர் இல்லன்னா நாமளே ரேடியோல சொல்லிக்கிட்டுப் போயிரலாம்ல? இங்க இருக்கேன், ரன்வேக்கு வர்றேன், கிளம்புறேன்னு. கேக்குறவன் ஒதுங்கிக்கப் போறான். இந்தச் செவி எதுக்கு?"

"முன்னால அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அவள். யோசனையிலிருந்து தப்பிக்க ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. "ஒரு ஊர்ல, டவர் பூட்டின பிறகு ஒருத்தர் கிளம்புனார். கிளம்புறதுக்கு முன்னால வீட்டிலருந்து போன். என்ன சேதின்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல. ரன்வேயில இந்தப் பக்கமிருந்து கிளம்புறேன்னு ரேடியோல சொல்லிட்டு அந்தப் பக்கமிருந்து கிளம்பிட்டார். எதிர்ல ஒண்ணு இறங்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான். அப்புறம் பதிவை எடுத்துக் கேட்டா, அவர் குரல் நடுங்கியிருக்கு. டவர்ல ஒரு மனுஷன் இருந்திருந்தா, என்ன சார் ஒரு மாதிரி பேசுறீங்கன்னு கேட்டிருப்பான். அந்த மனுஷனுக்குப் பதிலாத்தான் இது."

"என்ன கேக்கும்?"

"வீட்டில எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கும்."

காதர் சிரித்துவிட்டான்.

"சிரிக்காதீங்க. ரேடியோ இங்கிலீஷ்ல எவனும் நடுங்க மாட்டான், அது மனப்பாடம். அதனாலதான் அவங்கவங்க தாய்மொழியில கேக்குது. ஒரு முழு வாக்கியமாவது பதில் சொல்லணும். நாம சொல்றது நெசமா பொய்யான்னு அதுக்குக் கவலையில்ல. குரல் ஆடுதான்னு மட்டும் பாக்கும். ஆடலன்னா வழி விடும். ஆடினா இன்னொரு தடவை கேக்கும். அப்பவும் ஆடினாலோ, நாமளா இறங்கிப் போனாலோ ஒரு தடை. ரெண்டு தடை விழுந்தா மேசை வேலை. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. போன வருஷம் சளிக் காய்ச்சல்ல விழுந்தது."

"அப்போ வீட்டில ஒண்ணுன்னா?"

"வீட்டில சொல்லவே மாட்டாங்க." அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "கேப்டன் தேவசகாயம்னு நாகர்கோவில்காரர் ஒருத்தர் இருந்தார். காலையில சம்சாரத்துக்கு எப்படி இருக்குன்னு கேட்டார். குளிச்சிட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. மத்தியானம் கேட்டார், கோயிலுக்குப் போயிருக்காங்கன்னாங்க. நாள் முழுக்க ஓட்டினார். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, தெருவில பந்தல் போட்டிருக்கு. அந்தம்மா விடிகாலையிலேயே போயிட்டாங்களாம்."

காதர் மீரானுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

நம் ஊரில் சாவுச் செய்தியை என்றைக்குமே யாரும் சாவு என்று சொன்னதில்லை. கொஞ்சம் சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வா என்பார்கள். கேட்கிறவனும் புரிந்துகொண்டு, புரியாதவன் மாதிரியே பஸ் ஏறுவான். மங்கையர்க்கரசியின் அம்மா இறந்தபோது கோயம்புத்தூர் போயிருந்த அப்பாவுக்குப் போன் பண்ணி அப்படிச் சொன்னவள் அவள்தான். செவி வந்தபின் விமானிகள் வீட்டில் அந்த வழக்கம் இன்னொரு படி ஏறிவிட்டது. சீரியஸ் என்றாலே குரல் ஆடிவிடும் அல்லவா? அதனால் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கம்பெனி இதற்கு வகுப்பே நடத்தியது. பெரிய ஹோட்டலில் ஹால் பிடித்து, சமோசாவும் காபியும் கொடுத்து, விமானிகளின் வீட்டு ஆட்களை உட்காரவைத்து ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தாள். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள், செய்தியைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறீர்கள், அவ்வளவுதான் என்றாளாம். முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சின்னச் சின்ன விவரம் சேர்த்துச் சொல்லுங்கள். சாப்பாட்டு விவரம் ரொம்ப நல்லது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் விமான நிலைய மேனேஜருக்குச் சொல்லுங்கள், விமானிக்கு எப்போது சொல்லலாம் என்று அவர் முடிவு பண்ணுவார்.

அந்த வகுப்பில் முதலாவதாக வந்தவன் கோமதிநாயகம். பரிசாக ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். போய்வாடா போய்வாடா என்று அவனைப் பிடித்துத் தள்ளி அனுப்பியவளே மங்கையர்க்கரசிதான்.

அவள் இதையெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டிக்கொண்டு விமான நிலைய மேனேஜர் பிரிட்டோ உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் சூடான வாழைக்காய் பஜ்ஜி.

"மேடம், ரெண்டு சாப்பிடுங்க. இப்பதான் போட்டாங்க."

இரண்டு வருஷமாக இந்த ஊருக்கு வந்துபோகிறாள். பச்சைத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட பிரிட்டோ கேட்டதில்லை. தாமதமானால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"என்ன சார் விசேஷம்?"

"விசேஷம் என்ன மேடம். எப்பவும் ஓட்டமும் நடையுமா வர்றீங்க. வீட்டிலெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். பிறகு காதரைக் கண்ணால் கூப்பிட்டு வெளியே அழைத்துப்போனார். கண்ணாடிக் கதவு வழியாக மங்கையர்க்கரசி பார்த்தாள். பிரிட்டோ குனிந்து ரகசியமாக என்னவோ சொன்னார். காதர் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பது தெரிந்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். அப்பா, உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களா?

இங்கிருந்து டாக்ஸி பிடித்தால் இருட்டுவதற்குள் திருநெல்வேலி. விமானத்தில் ஏறினால் அதற்கு நேர் எதிர்த்திசையில் சென்னை, மறுநாள் மத்தியானத்துக்குமேல்தான் திரும்ப முடியும். அதற்குள் எடுத்துவிட்டால் முகம்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அப்பா உயிரோடு இருந்து, இவளாகப் பயந்து விமானத்தை விட்டு இறங்கினால், இரண்டாவது தடை. இருபது வருஷம் கஷ்டப்பட்டு வாங்கிய ஆசனம் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். மாற்று கேப்டன் என்று வெள்ளளத்தில் யாரும் கிடையாது. எழுபது பேர் தெருவில் நிற்பார்கள்.

விமானத்துக்கு நடக்கும்போது மறுபடி தம்பியைக் கூப்பிட்டாள்.

"கோமதி, அம்மா மேல சத்தியமா சொல்லு. அப்பா உயிரோட இருக்காவளா?"

கோமதிநாயகம் அலுத்துக்கொண்டான்.

"என்னக்கா இது, நல்ல நாளும் அதுவுமா. சத்தியமெல்லாம் எதுக்கு?"

"சொல்லுடா."

"சரி, சத்தியம். போதுமா? நீ நிம்மதியா ஓட்டிட்டுப் போ. இறங்குனதும் கூப்பிடு."

நிம்மதியாக ஓட்டிவிட்டுப் போ என்பதும் அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். உடனே சத்தியம் செய்யாதீர்கள், கொஞ்சம் அலுத்துக்கொண்டு செய்யுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவன் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் இனி அவளால் நம்ப முடியாது.

விமானியறையில் உட்கார்ந்து வேலைகளை வரிசையாக முடித்தார்கள். கை தன் வேலையைப் பிசகாமல் செய்தது. காதர் மீரான் வழக்கத்துக்கு மாறாக மரியாதையாக இருந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவன் இருக்கைக்குப் பின்னால் துண்டால் மூடிய பொட்டலம் ஒன்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

சென்னையிலிருந்து பாதை சொல்லிவிட்டார்கள். பொது அலைவரிசையில் காதர் இரண்டு தடவை அறிவித்தான். பதிலுக்கு யாரும் பேசவில்லை. வானத்தில் வேறு விமானம் இல்லை. டவரின் கண்ணாடிகளில் சாயங்கால வெளிச்சம் மட்டும் இருந்தது. அப்புறம் செவியின் குரல் வந்தது. நல்ல குரல். சொந்தக்கார அம்மாள் ஒருத்தி கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாளே, அந்த மாதிரி.

"வணக்கம் கேப்டன். வீட்டில எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றாள் மங்கையர்க்கரசி. "அப்பாவுக்கு... எல்லாரும் நல்லா இருக்காவ."

"நன்றி கேப்டன். இப்போது புறப்பாடு இல்லை. சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறேன்."

காதர் அவளைத் திரும்பிப் பார்த்தான். "கேப்டன், இன்னிக்கு வேணாம்னா விட்டுருவோம். நான் சொல்லிக்கிறேன்."

"ஏன்? உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? உங்க முகத்தைப் பாத்துச் சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவனும் மறைக்கிறான். பிரிட்டோ மறைக்கிறார். தம்பி மறைக்கிறான். உலகமே ஒன்றுகூடி அவளிடம் அன்பாக இருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இத்தனை நேரம் அவளை ஆட்டிவைத்தது துக்கம் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்கிற அந்த இழுபறிதான். ஆடுகிற குரல் அதிலிருந்துதான் வருகிறது. அதை அறுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

சரி, அப்பா செத்துப்போய்விட்டார் என்று அவள் தனக்குள் சொன்னாள்.

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்தாள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியை வைத்து, அதற்குள் அப்பாவைப் படுக்கவைத்தாள். நெற்றியில் திருநீறு பூசினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து அவருடைய மேசை டிராயரில் வைத்தாள். சட்டை இல்லாமல் மூலையில் நிற்கும் தம்பியைப் பார்த்தாள். அப்பா, உங்க முகத்தைப் பார்க்க வர முடியல, மன்னிச்சிருங்க என்று சொன்னாள். நெஞ்சு பிளந்துவிடும் போல வலித்தது. வலி உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. இறங்கின இடத்தில் ஒன்றுமே இல்லை. வர வேண்டிய கெட்ட செய்தி வந்தாயிற்று. இனி வர எதுவும் பாக்கி இல்லை.

கண்ணைத் திறந்தபோது காதர் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"வணக்கம் கேப்டன். வீட்டில எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் சௌக்கியம். அப்பா இட்லி கேட்டாவளாம்."

"மிக்க மகிழ்ச்சி கேப்டன். புறப்படலாம்."

அன்றைக்கு அவள் ஓட்டியதுபோல் சுத்தமாக ஓட்டியதே இல்லை என்று காதர் மீரான் பிற்பாடு பலரிடம் சொன்னான். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாமல் இறக்கினாள். பயணிகள் இறங்கும்போது ஒரு குழந்தை டாட்டா காட்டியது. அவளும் கையை ஆட்டினாள்.

எல்லோரும் இறங்கிய பிறகு காதர் இருக்கைக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தான். துண்டை நீக்கினால் தகர டப்பா.

"கேப்டன், கோவிச்சுக்காதீங்க. மக்ரூன் இனிப்பு. பிரிட்டோ சார் பையன் இங்க தாம்பரத்துல படிக்கிறானாம், அவனுக்கு. பொட்டலம் எடுத்துட்டுப் போறது தப்புன்னு நீங்க ரூல்ஸ் பேசுவீங்கன்னு பயந்துட்டார். உங்ககிட்டத்தான் கேக்கணும்னு பஜ்ஜியெல்லாம் கொண்டாந்தார். கடைசியில வாய் வரல, என் தலையில கட்டிட்டார்."

மங்கையர்க்கரசி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனை உயிர்ப்பித்தாள். தம்பியிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் பதறவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே. படிக்கட்டில் இறங்கி, இறக்கைக்கு அடியில் ஓரமாக நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"யக்கா, எத்தனை தடவை கூப்பிடுதேன், எடுக்க மாட்டியா?" கோமதிநாயகம் பழையபடி குறையோடு ஆரம்பித்தான். "சீக்கிரமே வார்டுக்கு மாத்திட்டாவ. இந்தா, அப்பாகிட்ட பேசு."

போன் கைமாறும் சத்தம். பிறகு இருமல். அந்த இருமலை உலகத்தில் வேறு யாராலும் இரும முடியாது.

"ஏம்மா, இந்தப் பயல இட்லி வாங்கியாரச் சொன்னா, கேன்டீன்ல தீந்துட்டுன்னு ரவை உப்புமா வாங்கியாந்திருக்கான். நெஞ்சுக்குள்ள கம்பி வச்ச மனுஷன் உப்புமா திங்கவா?"

அப்பாதான். இருக்கிறார். தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம். மங்கையர்க்கரசி சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தாள். அழுகையாவது வரட்டும் என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி அப்படியே இருந்தது. மூடிய டிராயரும் அப்படியே இருந்தது.

"சரிப்பா. கொஞ்சமா சாப்பிடுங்க. நான் நாளைக்கு வர்றேன்."

"குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றார் சிவசைலம் பிள்ளை.

"எப்படி இருக்கு? நல்லாத்தான் இருக்கு."

"உங்கம்மா போனப்போ எனக்குப் போன் பண்ணி, கொஞ்சம் சீரியஸா இருக்காவப்பா, கிளம்பி வாங்கன்னு சொன்னியே. அதே குரல். ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல." அவர் மூச்சு வாங்கினார். "யாரும்மா? மாப்பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?"

"அய்யோ, யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. எல்லாரும் சௌக்கியம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்டது. செவி வழிவிட்ட அதே வாக்கியம், அதே குரல்.

"மறைக்காத. கம்பி வச்ச ஆளுன்னு பாக்காத, நான் தாங்கிக்கிடுவேன்" என்ற அப்பா போனை விட்டுவிட்டு யாரையோ அதட்டுவது கேட்டது. "எல, துண்ட எடு. கார் சொல்லு. அக்கா வீட்டில என்னமோ நடந்திருக்கு."

கட்டில் கிரீச்சிட்டது. ஒரு நர்ஸ் சத்தம் போட்டாள். கோமதிநாயகம் போனைப் பிடுங்கிக்கொண்டான். அவன் குரல் இப்போது நடுங்கியது.

"யக்கா, அப்பா எந்திச்சு உக்காந்துட்டாவ, சொன்னாக் கேக்க மாட்டேங்காவ. அங்க என்ன நடந்துச்சு? நீயாவது உண்மையச் சொல்லு."

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் சொன்னால் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.